கைனேஸ் தடுப்பானில் ஃப்ளூரின்-18 ஏற்றினால் பெட் ஸ்கேனுக்கு ஆகுமா?

#1 குயினசோலின்

எல்லோருக்கும் வணக்கம். கரிம வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் குழு ஈஜிஎஃப்ஆர் கைனேஸைத் (புற்றுச் செல்லை வளரத் தூண்டும் ஒரு நொதி) தடுக்கும் சிறு மூலக்கூறுகளைத் தயாரிக்கிறது. ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் என்ற புற்றுநோய் மருந்துகளின் வகையறாதான், அனிலினோகுயினசோலின் சட்டகம். அவற்றில் ஒன்று நொதிச் சோதனையில் ஒற்றை இலக்க நானோமோலார் செறிவிலேயே தடுக்கிறது. செல்லில் போட்டால் அதைவிடப் பல மடங்கு தேவைப்படுகிறது, ஆனாலும் வேலை செய்கிறது.

இப்போது என் வழிகாட்டி ஒரு யோசனை சொல்கிறார். இதே மூலக்கூறில் ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணுவை ஏற்றிப் பெட் ஸ்கேன் எடுத்தால், இந்த வகை மருந்து யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒரு மூலக்கூறு, இரண்டு ஆய்வுக் கட்டுரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 80-க்கு மேற்பட்ட கைனேஸ் தடுப்பான்கள் மருந்தாக அங்கீகாரம் பெற்றுவிட்டன. கைனேஸைப் படம் பிடிக்கும் ட்ரேசர் (உடலில் செலுத்தி ஸ்கேனில் பார்க்கும் கதிரியக்க மூலக்கூறு) என்று அன்றாட மருத்துவத்துக்கு ஒன்றுகூட வந்ததாகத் தெரியவில்லை. எங்கே இடிக்கிறது?

#2 வழிப்போக்கன்

கட்டுரை இரண்டும் வரும், கவலைப்படாதீர்கள். ட்ரேசர் வருமா என்பதுதான் சந்தேகம் :)

#3 கரிமவேதி

இடிக்கும் இடத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள், தம்பி. நொதியில் ஒற்றை இலக்கம், செல்லில் பல மடங்கு. "ஆனாலும் வேலை செய்கிறது" என்று சொல்லித் தாண்டிப் போயிருக்கிறீர்கள். மருந்து என்றால் தாண்டலாம். படத்துக்கு முடியாது.

இந்தத் தடுப்பான்களில் பெரும்பாலானவை உட்காருவது, கைனேஸில் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) உட்காரும் அதே குழியில். நொதிச் சோதனையில் ஏடிபியைக் கேஎம் அளவை (நொதி பாதி வேகத்தில் ஓடத் தேவையான ஏடிபி செறிவு) ஒட்டித்தான் வழக்கமாகப் போடுவோம். செல்லுக்குள் ஏடிபி 1 முதல் 5 மில்லிமோலார் வரை இருக்கும். செங்-ப்ரூசாஃப் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: ஐசி50 = கேஐ × (1 + ஏடிபி ÷ கேஎம்). ஐசி50 என்பது நொதியைப் பாதி தடுக்கத் தேவையான செறிவு; கேஐ தடுப்பானின் பிணைப்பு மாறிலி, அது சிறிதாக இருந்தால் பிடி இறுக்கம். கேஐ 1 நானோமோலார், கேஎம் 10 மைக்ரோமோலார் என்று வைப்போம். சோதனைத் தட்டில் ஏடிபி 10 மைக்ரோமோலார் என்றால் ஐசி50 2 நானோமோலார். செல்லில் ஏடிபி 2 மில்லிமோலார் என்றால் 201 நானோமோலார். மூலக்கூறும் அதேதான், புரதமும் அதேதான். நூறு மடங்கு போயே போய்விட்டது.

மருந்தாகக் கொடுக்கும்போது இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு: அளவைக் கூட்டுவது. இமாட்டினிப் வழக்கமான அளவு நாளுக்கு 400 மில்லிகிராம். இரத்தத்தில் மைக்ரோமோலார் கணக்கில் நிற்கும். ட்ரேசருக்கு அந்தச் சலுகை கிடையாது. எவ்வளவு குறைவாக உள்ளே போகும் என்பதை நண்பர் அரைஆயுள் சொன்னால் சரியாக இருக்கும், அது அவர் பேட்டை.

#4 அரைஆயுள்

கூப்பிட்டதற்கு நன்றி. கணக்கையே போட்டுவிடுகிறேன்.

ஊசியில் 370 மெகாபெக்கரல் கதிரியக்கம் போகிறது என்று வையுங்கள். மோலார் செயல்திறன் (ஒரு மோல் மூலக்கூறுக்கு எவ்வளவு கதிரியக்கம்) மைக்ரோமோலுக்கு 100 கிகாபெக்கரல் என்றால், உள்ளே போகும் மொத்த மூலக்கூறு 3.7 நானோமோல். மூலக்கூறு எடை 400 என்றால் சுமார் 1.5 மைக்ரோகிராம். கரிமவேதி சொன்ன 400 மில்லிகிராமோடு ஒப்பிட்டால் இரண்டரை லட்சம் மடங்குக்கும் மேல் குறைவு. உடம்பு முழுக்கச் சீராகப் பரவினால் சில பத்து பிக்கோமோலார்தான் தேறும். ஏடிபியை முட்டித் தள்ளுகிற அளவெல்லாம் இல்லை.

இந்த அளவில் படத்தின் தரத்தை நிர்ணயிப்பது ஒரே ஒரு விகிதம்தான்: திசுவில் இலக்குப் புரதம் எவ்வளவு செறிவாக இருக்கிறது, அதை மூலக்கூறின் பிணைப்பு மாறிலியால் வகுத்தால் என்ன வருகிறது. ஒரு செல்லில் ஒரு லட்சம் ஈஜிஎஃப்ஆர், ஒரு மில்லிலிட்டர் கட்டியில் 10 கோடி செல்கள் என்று கொஞ்சம் கஞ்சத்தனமாகவே எடுத்துக்கொள்வோம். இலக்கின் செறிவு சுமார் 17 நானோமோலார் வரும். பிணைப்பு மாறிலி 1 நானோமோலார் என்றால் விகிதம் 17, படம் அருமையாக இருக்கும். ஏடிபி போட்டியால் அது 200 ஆகிவிட்டால் விகிதம் 0.1-க்கும் கீழே. கட்டியும் பக்கத்துத் தசையும் ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். உங்கள் ஸ்கேனரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதற்கு மேல், கைனேஸ் தடுப்பான்கள் பெரும்பாலும் கொழுப்பில் கரையும் ஜாதி. எங்கே பார்த்தாலும் ஒட்டும். கல்லீரல் வழியாகக் குடலுக்குப் போய்க் கொட்டும். வயிற்றுப் பகுதியில் இருக்கும் கட்டியை மறந்துவிடலாம்.

#5 வழிப்போக்கன்

ஆக, நாற்காலிப் போட்டியில் ஏடிபி கோடிப் பேர், நாம் ஒற்றை ஆள்.

#6 குயினசோலின்

கணக்கு புரிந்தது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. ஆனால் ஒரு முரண். ஆம்ஸ்டர்டாம் குழு 2013-இல் கார்பன்-11 ஏற்றிய எர்லோட்டினிப்பை நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திப் படம் எடுத்திருக்கிறது. ஈஜிஎஃப்ஆரில் எக்ஸான் 19 நீக்கம் என்ற சடுதிமாற்றம் உள்ள கட்டிகளில் ட்ரேசர் அதிகம் சேர்ந்தது, இயல்பான ஈஜிஎஃப்ஆர் உள்ளவற்றில் குறைவு. எர்லோட்டினிப்பும் ஏடிபியோடு போட்டி போடுகிற மூலக்கூறுதானே? உங்கள் கணக்குப்படி இரண்டிலும் ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாதே?

#7 கரிமவேதி

நல்ல கேள்வி. முரண் மாதிரித் தெரிகிறதே ஒழிய, அதே கணக்குதான் இதையும் விளக்குகிறது.

சமன்பாட்டில் கேஎம் என்று ஒன்று இருக்கிறது பாருங்கள். சடுதிமாற்றம் வந்தால் அது மாறும். 2008-இல் வந்த ஆய்வில் அளந்திருக்கிறார்கள். இயல்பான ஈஜிஎஃப்ஆரில் ஏடிபிக்கான கேஎம் சுமார் 5 மைக்ரோமோலார். எல்858ஆர் என்ற சடுதிமாற்றத்தில் சுமார் 150. அதாவது அந்த மாற்றம் வந்த கைனேஸ் ஏடிபியைத் தளர்வாகத்தான் பிடிக்கிறது. அதே நேரம் ஜெஃபிட்டினிப்பை இறுக்கமாகப் பிடிக்கிறது, பிணைப்பு மாறிலி சுமார் 2.4 நானோமோலார். ஏடிபி 2 மில்லிமோலார் என்று போட்டால் செல்லுக்குள் அது 35-ஐ ஒட்டி நிற்கும். இயல்பான ஈஜிஎஃப்ஆரில் 50 நானோமோலாரை ஒட்டியிருக்கும் பிணைப்பு, அதே ஏடிபியில் பல ஆயிரங்களுக்குப் போய்விடும். எக்ஸான் 19 நீக்கமும் இதே பக்கம் சாய்வதுதான். அதனால்தான் ஒரு கூட்டத்தில் படம் தெரிகிறது, இன்னொன்றில் தெரியவில்லை. இந்த மருந்துகள் சில நோயாளிகளுக்கு அபாரமாகப் பலித்து மற்றவர்களுக்குப் பலிக்காமல் போனதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

இதன் தொடர்ச்சியும் சுவையானது. மருந்து எடுத்துக்கொண்ட பிறகு வரும் டி790எம் மாற்றம், குழியின் வாசலில் திரியோனினுக்குப் பதில் மெத்தியோனின். உருவத்தில் பெரிய அமினோ அமிலம், அதனால் மருந்தை உள்ளே விடாமல் மறிக்கிறது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். அளந்து பார்த்தால், இரட்டை மாற்றம் (எல்858ஆர், டி790எம் இரண்டும்) வந்த புரதத்தோடும் ஜெஃபிட்டினிப் நன்றாகவே ஒட்டுகிறது, சுமார் 11 நானோமோலார். மாறியது வேறு: ஏடிபியின் கேஎம் 150-இலிருந்து சுமார் 8-க்கு இறங்கிவிட்டது. ஏடிபி தன் பிடியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. செல்லில் கணக்குப் போட்டால் 35 இருந்த இடத்தில் 2,700 பக்கம் வரும். மருந்து விரட்டப்படவில்லை, போட்டியில் தோற்றது.

இதற்கு விடையாக வந்ததுதான் ஓசிமெர்ட்டினிப், 2015 நவம்பரில் அங்கீகாரம். 797-ஆம் இடத்து சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு சகப்பிணைப்புப் போட்டுவிடும். ஒருமுறை பிணைந்துவிட்டால் அப்புறம் ஏடிபி எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. அந்த சிஸ்டீனே செரினாக மாறிவிட்டால் (சி797எஸ்) பழைய கதை திரும்ப ஆரம்பிக்கும்.

ஆகவே என் கருத்து: ட்ரேசர் வேண்டுமென்றால் சகப்பிணைப்பு மூலக்கூறாகப் போங்கள், இல்லையென்றால் ஏடிபி குழியையே விட்டுவிடுங்கள். மெக் கைனேஸைத் தடுக்கும் ட்ராமெட்டினிப் (2013) ஏடிபிக்குப் பக்கத்துக் குழியில் உட்காருகிறது. ஆஸிமினிப் (2021) ஏபிஎல் கைனேஸின் மிரிஸ்டாயில் குழிக்கே போய்விட்டது. இரண்டுக்கும் ஏடிபியோடு நேரடிச் சண்டை இல்லை. என்ன, ஆஸிமினிப் இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. அங்கே படம் பிடிக்கக் கட்டியே கிடையாது.

#8 அரைஆயுள்

சகப்பிணைப்பு பற்றி முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். மீளாமல் ஒட்டும் ட்ரேசரில் வேறு தலைவலி உண்டு. பிணைப்பு வேகமாக நடந்தால், திசுவுக்கு இரத்தம் எவ்வளவு வந்ததோ அவ்வளவு ஒட்டும். நீங்கள் பார்ப்பது கைனேஸின் அளவு அல்ல, இரத்த ஓட்டத்தின் அளவு. மெதுவாக நடந்தால் ஃப்ளூரின்-18-இன் 110 நிமிட அரை ஆயுள் ஓரளவு தாங்கும், கார்பன்-11-க்கு 20 நிமிடம்தான், போதாது. இடையில் குளூட்டாதயோன், ஆல்புமின் என்று வழியில் நிற்கும் தயோல்களெல்லாம் (சிஸ்டீனைப் போலக் கந்தகம் உள்ளவை) தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். முடியாது என்று சொல்லவில்லை, ஃப்ளூரின்-18 ஏற்றிய அஃபாட்டினிப் (இதுவும் சகப்பிணைப்பு மருந்து) செய்திருக்கிறார்கள். ஏடிபி பிரச்சினை தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம், அவ்வளவுதான்.

#9 அணுமருத்துவர்

வேதியியல்காரர்கள் பேசுவதை ரசித்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்கேன் அறிக்கை எழுதும் ஆள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன்: இந்தப் படத்தைப் பார்த்து நான் சிகிச்சையில் எதை மாற்றப் போகிறேன்?

மருந்து பலிக்கிறதா என்று தெரிய, எஃப்டிஜி என்ற சாதாரணக் குளுக்கோஸ் ட்ரேசரே பல இடங்களில் போதும். ஜிஸ்ட் என்னும் இரைப்பை-குடல் கட்டியில் இமாட்டினிப் கொடுத்தால், சிடி ஸ்கேனில் கட்டி அதே அளவில் உட்கார்ந்திருக்கும். பெட் ஸ்கேனில் சில நாட்களிலேயே ஒளி அணைந்துவிடும். கட்டியை வளர்க்கும் கிட் கைனேஸ் அடங்கியதும் செல் குளுக்கோஸ் உறிஞ்சுவதை நிறுத்துகிறது. கைனேஸை நேரடியாகப் பார்க்காமலே அதன் விளைவைப் பார்த்துவிடுகிறோம். ஏடிபி போட்டி, பிணைப்பு விகிதம் எந்தத் தொல்லையும் இல்லை. யாருக்குப் பலிக்கும் என்பதற்கு மரபணுச் சோதனை இருக்கிறது. ஊசி போட்டுத் திசு எடுக்க முடியாவிட்டால் இரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏ இருக்கிறது.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு நிலைமை. ஒரே நோயாளிக்கு ஐந்தாறு இடத்தில் கட்டி, ஒன்றில் எதிர்ப்பு வந்துவிட்டது, மற்றவற்றில் இல்லை. இரத்தச் சோதனை "எதிர்ப்பு இருக்கிறது" என்று சொல்லும், எந்தக் கட்டியில் என்று சொல்லாது. அந்த ஒன்றுக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்து, அதே மருந்தைத் தொடரலாமா என்று முடிவெடுக்க உங்கள் ட்ரேசர் உதவுமென்றால் நான் வாங்கிக்கொள்கிறேன். அது இல்லாமல் "படம் அழகாக வந்திருக்கிறது" என்று காட்டினால் பாராட்டிவிட்டுப் போய்விடுவேன்.

#10 காத்திருப்பவள்

மன்னிக்கவும், நான் ஆய்வாளர் இல்லை. என் அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், ஓசிமெர்ட்டினிப் எடுத்துக்கொண்டிருக்கிறார். மூளையிலும் சிறிய கட்டி இருக்கிறது. மருந்து இன்னும் பிடிக்கிறதா என்று காட்டும் இப்படி ஒரு ஸ்கேன் இப்போது எங்காவது எடுக்க முடியுமா, டாக்டர்?

#11 அணுமருத்துவர்

இங்கே பேசுவதெல்லாம் ஆய்வு நிலையில் இருப்பவை, அம்மா. பணம் கட்டி எடுக்கக்கூடிய ஸ்கேனாக இது இல்லை, எடுக்காததால் உங்கள் அம்மாவுக்கு எதுவும் குறைந்துவிடவும் இல்லை. மூளைக் கட்டிக்கு எம்ஆர்ஐ, மற்ற இடங்களுக்குச் சிடி அல்லது வழக்கமான பெட், இவற்றை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எடுத்துவந்தாலே மருந்து பிடிக்கிறதா என்பது தெரியும். வளர்ச்சி தெரிந்தால் அப்போது இரத்தத்திலோ திசுவிலோ மரபணுச் சோதனை செய்யலாமா என்று அவரிடம் கேளுங்கள். ஓசிமெர்ட்டினிப் மூளைக்குள் ஓரளவு போகும் மருந்து என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

#12 காத்திருப்பவள்

மிக்க நன்றி டாக்டர். அடுத்த எம்ஆர்ஐ இந்த மாதம்தான். கேட்கிறேன்.

#13 நுண்ணோக்கி

பெட்டை விட்டு வெளியே வந்து ஒன்று சொல்லட்டுமா? இமேஜிங் என்றால் நோயாளியின் உடல் முழுக்க எடுக்கும் படம் மட்டும் இல்லை.

சுனிட்டினிப் என்ற கைனேஸ் தடுப்பான் மஞ்சள் நிற மூலக்கூறு. அது தானாகவே ஒளிரும். எந்தச் சாயமும் ஒட்டத் தேவையில்லை. அதைக் குடித்த செல்லை ஒளிர் நுண்ணோக்கியில் பார்த்தால், சைட்டோபிளாசம் முழுக்கப் பரவியிருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? பார்த்தால் சிறு சிறு புள்ளிகளாக, லைசோசோம்களுக்குள் (செல்லின் அமிலக் கழிவுப் பைகள்) அடைந்து கிடக்கும். காரணம் எளிது. வாலில் ஒரு கார அமீன். லைசோசோமின் அமிலச் சூழலில் அது புரோட்டான் ஏற்று மின்னூட்டம் பெற்றுவிடும். மின்னூட்டம் வந்ததும் சவ்வைத் தாண்டி வெளியே வர முடியாது. கைனேஸுக்குச் சேர வேண்டிய மருந்து அங்கே சிறைப்பட்டுக் கிடக்கிறது. எதிர்ப்புக்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

குயினசோலினுக்கு இதைச் சொல்லக் காரணம், கரைதிறனுக்காக நாம் சேர்க்கும் மார்ஃபோலின், பைப்பரசின் எல்லாம் கார அமீன்கள்தான். உங்கள் பெட் படத்தில் கட்டி பளிச்சென்று தெரிந்தாலும், அது ஈஜிஎஃப்ஆரா லைசோசோமா என்று பெட்டுக்குத் தெரியாது.

இன்னொரு உதாரணம் இப்ருட்டினிப் (2013). பிடிகே கைனேஸின் சிஸ்டீனோடு நிரந்தரமாகப் பிணையும். அதே மூலக்கூறில் ஒளிரும் சாயம் ஒட்டி ஒரு சோதனை மூலக்கூறு செய்தார்கள். நோயாளியின் இரத்த அணுக்களோடு அதைச் சேர்த்தால், மருந்து ஏற்கனவே பிடித்துவிட்ட பிடிகே ஒளிராது; காலியாக இருப்பது மட்டும் ஒளிரும். மருந்து இரத்தத்தில் சில மணி நேரம்தான் நிற்கும், ஆனாலும் நாளுக்கு ஒரு வேளை போதும் என்று நம்பிக்கை வர இந்தச் சோதனை உதவியது. உடலுக்கு வெளியே, சோதனைக் குழாயில் செய்தது. என்னைக் கேட்டால் கைனேஸ் இமேஜிங்கில் உருப்படியாகப் பயன்பட்ட வேலைகளில் இதுவும் ஒன்று.

கடைசியாக, பிணைந்தால் தடுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பிராஃப் கைனேஸின் தடுப்பான் வெமுராஃபெனிப் (2011) மெலனோமாவில் வி600இ மாற்றம் உள்ள செல்லை அடக்கும். அதே மருந்து, பிராஃப் இயல்பாக இருந்து ராஸ் என்ற புரதம் முடுக்கிவிடப்பட்ட செல்லில், பிராஃபோடு பிணைந்தே வளர்ச்சிப் பாதையை இன்னும் வேகமாக ஓட்டும். சில நோயாளிகளுக்குத் தோலில் செதில் செல் புற்றுநோய் வந்தது அப்படித்தான். பிணைப்பை மட்டும் காட்டும் படம் இரண்டிடத்திலும் ஒளிரும்.

#14 குயினசோலின்

லைசோசோம் விஷயம் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் மூலக்கூறில் 6-ஆம் இடத்தில் மார்ஃபோலின் சங்கிலி இருக்கிறது. அனிலின் வளையத்தில் 3-குளோரோ-4-ஃப்ளூரோ. ஃப்ளூரின்-18-ஐ எங்கே ஏற்றுவது? மார்ஃபோலினை எடுத்துவிட்டு அங்கே ஃப்ளூரோஎத்தாக்சி போடலாமா? சுலபமாகத் தெரிகிறது.

#15 அரைஆயுள்

சுலபம்தான், ஒரு டோசைலேட் முன்னோடி, உலர்ந்த ஃப்ளூரைடு, பத்து இருபது நிமிடச் சூடு. 6, 7-ஆம் இடங்கள் குழிக்கு வெளியே நீரைப் பார்த்து நிற்பவை, கைனேஸின் மெத்தியோனின்-793-ஓடு உள்ள ஹைட்ரஜன் பிணைப்பும் கெடாது. ஆனால் கல்லீரல் அந்தச் சங்கிலியை வெட்டும். ஃப்ளூரின்-18 தனியே கழன்றுவிட்டால் எலும்பில் போய் உட்காரும். சுண்டெலியின் முதுகெலும்பு வரிசையாக ஒளிர ஆரம்பித்தால் புரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் மூலக்கூறில் ஏற்கனவே ஒரு ஃப்ளூரின் இருக்கிறதே, அதை விட்டுவிட்டு ஏன் புதிதாக ஒட்ட வேண்டும்? அந்த அணுவையே 18 ஆக்குங்கள். மூலக்கூறு அப்படியே இருக்கும், நொதிச் சோதனையைத் திரும்பச் செய்யத் தேவையில்லை. கஷ்டம் என்னவென்றால் அந்த வளையத்தில் எலெக்ட்ரான் அதிகம், ஃப்ளூரைடு நேராகப் போய் ஏறாது. முதலில் கதிரியக்க அனிலினைச் செய்து பிறகு குயினசோலினோடு இணைப்பது பழைய வழி. படிகள் அதிகம், அரை ஆயுள் கரையும். போரோனிக் எஸ்டரில் தாமிர வினையூக்கம் வைத்து ஏற்றுவது புது வழி. லார்லாட்டினிப் என்ற இன்னொரு கைனேஸ் தடுப்பானில் கார்பன்-11, ஃப்ளூரின்-18 இரண்டையும் அமைப்பு மாறாமல் அதே இடங்களில் ஏற்றி 2017-இல் வெளியிட்டிருக்கிறார்கள், படித்துப் பாருங்கள்.

அந்த வேலையில் இன்னொரு பாடமும் உண்டு. அங்கே முக்கியக் கேள்விகளில் ஒன்று, "மருந்து மூளைக்குள் போகிறதா?" ஓசிமெர்ட்டினிப்பிலும் அப்படித்தான். கார்பன்-11 ஏற்றிக் குரங்குகளில் பார்த்தபோது ஓசிமெர்ட்டினிப் மூளைக்குள் நன்றாகப் போனது, ஜெஃபிட்டினிப் மிகக் குறைவு. இலக்கைப் பார்க்க ட்ரேசர் என்று யோசிப்பதை விட்டு, மருந்து எங்கே போகிறது என்று பார்க்கும் கருவி என்று யோசித்தால், ஏடிபி பிரச்சினையே பாதி காணாமல் போகும். அங்கே பிணைப்பு விகிதம் 17 தேவையில்லை. மருந்து ரத்தத்திலிருந்து திசுவுக்குப் போகிறதா என்பது போதும்.

#16 அணுமருத்துவர்

இதை ஒத்துக்கொள்கிறேன். மருந்து உருவாக்கத்தின்போதே, எந்த மூலக்கூறை மேலே கொண்டுபோவது என்று தீர்மானிக்க இது உதவும். என் மேஜைக்கு வர வேண்டிய அவசியமே இல்லை.

#17 கரிமவேதி

நானும். ஆனால் தம்பியின் வழிகாட்டி கேட்டது "யாருக்குப் பலிக்கும்" என்று. அதைக் கேட்டவரிடம் மூளை கதையைக் கொண்டுபோனால் முறைப்பார்.

குயினசோலின், முதலில் செலவில்லாத சோதனையைச் செய்யுங்கள். கதிரியக்கம் வேண்டாம். நொதிச் சோதனையை ஏடிபி 2 மில்லிமோலார் வைத்துத் திரும்ப எடுங்கள். இயல்பான ஈஜிஎஃப்ஆர், எல்858ஆர், இரட்டை மாற்றம் மூன்றிலும். எல்858ஆரிலும் எண் நூறு நானோமோலாருக்கு மேலே போனால் சைக்ளோட்ரானுக்கு (கதிரியக்க அணு தயாரிக்கும் இயந்திரம்) நேரம் பதிவு செய்யாதீர்கள். 20-க்குள் நின்றால் மேலே பேசலாம்.

#18 குயினசோலின்

சரி அண்ணா, அடுத்த வாரமே செய்துவிடலாம். எண் நன்றாக வந்தால் சுண்டெலியில் எந்தக் கட்டிகள்? எச்சிசி827 என்ற நுரையீரல் புற்றுச் செல் வகையில் எக்ஸான் 19 நீக்கம் இருக்கிறது. ஒப்பீட்டுக்கு ஏ549 வைக்கலாம் என்று நினைத்தேன், இயல்பான ஈஜிஎஃப்ஆர்.

#19 அரைஆயுள்

ஏ549 வேண்டாம். அதில் ஈஜிஎஃப்ஆர் இயல்பானது மட்டுமல்ல, அளவிலும் எச்சிசி827-ஐவிட ரொம்பக் குறைவு. வித்தியாசம் தெரிந்தால் அது சடுதிமாற்றத்தாலா, அளவாலா என்று பிரிக்க முடியாது. ஏ431 வையுங்கள். இயல்பான ஈஜிஎஃப்ஆர், ஆனால் ஒரு செல்லில் பத்து லட்சத்துக்கும் மேல். எச்சிசி827 ஒளிர்ந்து ஏ431 மங்கலாக இருந்தால் உங்கள் ட்ரேசர் சடுதிமாற்றத்தைப் பார்க்கிறது. இரண்டும் ஒளிர்ந்தால் ஈஜிஎஃப்ஆரின் அளவைப் பார்க்கிறது. அப்புறம் மூன்றாவது சுண்டெலிக் கூட்டத்துக்கு, கதிரியக்கம் இல்லாத மருந்தை நிறையக் கொடுத்துவிட்டு ட்ரேசர் செலுத்துங்கள். ஒளி குறையவில்லை என்றால் நுண்ணோக்கி சொன்ன லைசோசோம் மாதிரி ஏதோ ஒன்றில்தான் சிக்கியிருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் குழு, எர்லோட்டினிப் சிகிச்சையில் இருந்தவர்களுக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தபோது ட்ரேசர் சேர்வது குறைந்தது. அது வந்தால்தான் இலக்கு என்று நம்பலாம்.

#20 நுண்ணோக்கி

தடுப்புக் கூட்டத்துக்கு அதே மருந்தைக் கொடுத்தால் லைசோசோமும் ஓரளவு நிரம்பி ஒளி குறையலாம். அதே மருந்தைத் தவிர, கார அமீன் இல்லாத எர்லோட்டினிப்பாலும் ஒரு தடுப்பு வையுங்கள்.

#21 குயினசோலின்

எர்லோட்டினிப் ஆய்வகத்திலேயே இருக்கிறது. ஏ431 பக்கத்துக் குழுவிடம் கேட்க வேண்டும். ஏடிபி 2 மில்லிமோலார் முடிவு வந்ததும் எண்களை இந்த இழையிலேயே போடுகிறேன்.

#22 வழிப்போக்கன்

கட்டுரை மூன்று ஆகிவிட்டது போலிருக்கிறதே.